பத்தாயிரம் பேர் இருக்கும் இந்த ஊர், ஒரு காலத்தில் ராஜ்ஜியத்தின் மூன்றாவது பெரிய நகரமா? (பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா, ஸ்லோவாக்கியா)

வழிப்போக்கன்77:

வணக்கம் நண்பர்களே. ஒரு வருடமாக வேலை விஷயமாக ப்ராட்டிஸ்லாவாவில் இருக்கிறேன். போன வார இறுதியில் பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா என்ற மலையூருக்குப் போய்வந்தேன். நாட்டின் நடுப்பகுதியில், சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெரு என்று நினைத்து நுழைந்தால் படிக்கட்டாகிவிடுகிறது, படிக்கட்டு என்று ஏறினால் யார் வீட்டு முற்றத்திலோ போய் நிற்கிறோம். ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் வாசலுக்குச் சமமாக இருக்கிறது. சட்டையை மாற்றும் அளவுக்கு வியர்த்துவிட்டது.

வழிகாட்டி ஒரு தகவல் சொன்னார். 1782இல் ஹங்கேரி ராஜ்ஜியத்திலேயே மூன்றாவது பெரிய நகரம் இதுதானாம். பிரெஸ்பர்க் (இன்றைய ப்ராட்டிஸ்லாவா), டெப்ரெட்சென், அதற்கடுத்து இது. இன்று இங்கே சுமார் 10,000 பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் பழைய நகரத்தில் இல்லை, கீழே த்ரியேனோவா என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். மேலே சனிக்கிழமை பார்த்த கூட்டத்தில் பாதி என்னைப் போல கேமராவோடு வந்தது.

வெள்ளிச் சுரங்க ஊர் என்பது தெரியும். வெள்ளி தீர்ந்தது, ஊர் தேய்ந்தது, அவ்வளவுதானா கதை? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்:

முதலில் அந்த மூன்றாவது இடத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். 1782க்கு வழக்கமாகச் சொல்லும் எண் 23,000 சொச்சம். சுற்றியிருந்த குடியிருப்புகளையும் சேர்த்து 40,000 என்றும் சிலர் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இன்றைய ஷ்டியாவ்னிட்சாவைப் போல ஒன்றரை ஊர் இருக்கிறது! எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே.

சுரங்க ஊருக்கு எல்லை வகுப்பது எளிதல்ல. குழி இருக்கும் இடத்தில் கூலியாட்கள் குடியேறுவார்கள். அன்று பியார்க் என்றும் விண்ட்ஷாக்ட் என்றும் சொன்ன இன்றைய ஷ்டியாவ்னிட்ஸ்கே பானே, பக்கத்து ஊரான பான்ஸ்கா பெலா என்று பல ஊர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. 1910 கணக்கெடுப்பில் 15,000க்குச் சற்று மேல் என்று வரும் எண்ணும் பெலாவைச் சேர்த்தே எடுத்தது. ஆகவே இந்த மூன்று எண்களையும் வரிசையாக அடுக்கி, "இவ்வளவு சரிந்தது" என்று கோடு போட்டால் அது தப்புக்கோடு. சரிந்தது உண்மை. எவ்வளவு என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கல்லுளி:

சுரங்கப் பொறியியல் படித்தவன் என்பதால் இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழிப்போக்கன், நீங்கள் மூச்சுவாங்க ஏறியது ஓர் எரிமலைக்குள். பத்துப் பதினைந்து மில்லியன் ஆண்டுகளுக்கு முன் குமுறிய பெரும் எரிமலை. உச்சி உள்ளே சரிந்து விழுந்ததில் சுமார் 20 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளமானது. பிறகு அந்தப் பாறை வெடிப்புகளில் சூடான நீர் ஏறி இறங்கி, தங்கம், வெள்ளி, ஈயம், துத்தநாகம், செம்பு எல்லாவற்றையும் படிய வைத்துவிட்டுப் போனது. சுற்றியுள்ள மலைகளில் உயரமானது சித்னோ, 1009 மீட்டர். ஊருக்குப் பக்கத்தில் தேவாலயங்கள் அடுக்கிய கூம்புக் குன்று ஒன்றைப் பார்த்திருப்பீர்களே, கல்வாரி? அதுவும் எரிமலையின் மிச்சம்தான்.

வெள்ளி தீர்ந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த ஊரின் கதையை வெள்ளியை வைத்துச் சொல்வதே எனக்கு ஒப்பவில்லை. அது தண்ணீரின் கதை. பெயரே அப்படித்தான். 'ஷ்டியாவ்னிட்சா' என்பது புளிப்புநீர் ஓடை என்று பொருள்படும் பழைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது. 'பான்ஸ்கா' என்றால் சுரங்கத்துக்குரிய.

மேலாகக் கிடைத்த தாதுவை எடுத்து முடித்தபின் ஆழமாகப் போகவேண்டி வந்தது. ஆழத்தில் ஊற்று. குதிரைகளைச் செக்குமாடு போலச் சுற்றவிட்டு நீரை இறைத்தார்கள். அதில் குதிரைத் தீவனச் செலவே வெள்ளியைத் தின்றுவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூடிவிட்டுப் போகலாமா என்று யோசிக்கும் நிலை வந்துவிட்டது.

பூமிக்கடியில் வெள்ளமென்றால், மேலே தட்டுப்பாடு. மலை முகட்டை ஒட்டிய ஊர் என்பதால் சக்கரம் சுற்ற வைக்கும் அளவுக்கு ஓர் ஆறுகூடக் கிடையாது. மதேய் கோர்னெல் ஹெல் என்ற இயந்திர வல்லுநரும், சாமுவேல் மிகோவினி என்ற நில அளவையாளரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மலைச்சரிவு முழுக்க வாய்க்கால் வெட்டி, மழைநீரையும் பனி உருகிய நீரையும் வழித்துக் கொண்டுவந்து, கரை கட்டித் தேக்கினார்கள். அந்தக் குளங்களுக்கு அங்கே 'தாய்ஹ்' என்று பெயர், ஜெர்மன் சொல். முன்பே சில இருந்தன. இவர்கள் காலத்தில் அது ஒரு வலைப்பின்னலாக வளர்ந்தது. மொத்தம் சுமார் 60 குளங்கள். ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும். அந்த நீர் இயந்திரத்தை ஓட்டும், இயந்திரம் சுரங்க நீரை வெளியே தள்ளும். தண்ணீரை வைத்தே தண்ணீரை இறைத்தார்கள். இன்றும் இருபதுக்கு மேல் நிற்கின்றன.

மதேயின் மகன் யோசெஃப் கரோல் ஹெல் 1749இல் ஓட்டிக்காட்டிய நீர்த்தம்ப இயந்திரம் அப்பனையும் மிஞ்சியது. உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீரின் அழுத்தத்தை வைத்து உந்துதண்டைத் தள்ளுவது. அடுத்து அழுத்தக் காற்றால் நீரை ஏற்றும் ஒரு கருவியும் செய்தார். அதன் வாயிலிருந்து காற்று பீறிடும்போது ஈரம் உறைந்து பனிக்கட்டி விழுமாம். வந்தவர்களுக்கு அதுதான் பெரிய வேடிக்கை.

வழிப்போக்கன்77:

அட! காட்டுக்குள் ஒரு குளத்தில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். இயற்கை ஏரி என்று நினைத்துப் படம் எடுத்துவந்தேன்.

ஒரு சந்தேகம். அதே காலத்தில் இங்கிலாந்தில் நீராவி வந்துவிட்டதே. ஏன் இவ்வளவு பாடுபட்டு வாய்க்கால் வெட்டினார்கள்?

கல்லுளி:

நீராவி அங்கும் வந்தது. ஐரோப்பாவின் பெருநிலப்பகுதியில் முதல் நியூகமன் இயந்திரத்தையே (தொடக்ககால நீராவி இயந்திரம்) இந்தப் பக்கம்தான் நிறுவினார்கள். மேற்கே சற்றுத் தள்ளி நோவா பானா என்ற ஊரில், 1722இல். ஐசக் பாட்டர் என்ற ஆங்கிலேயர் செய்தது. 1730களில் ஷ்டியாவ்னிட்சா சுரங்கங்களிலும் அப்படிச் சில ஓடின.

ஆனால் அதன் வயிற்றுக்கு என்ன போடுவது? இங்கிலாந்தில் சுரங்க வாயிலேயே நிலக்கரி. இங்கே விறகு மட்டும்தான். சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம், உலைக்குக் கரி என்று காடு ஏற்கெனவே மொட்டை. அதற்குமேல் இந்த இயந்திரத்துக்கும் விறகு என்றால் கட்டுப்படியாகாது. மழைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லையே. விறகுக் கவலை எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், 1808இல் அந்தச் சுரங்க ஊரில் ஒரு வனவியல் கல்வி நிலையமே தொடங்கினார்கள்.

வெடிமருந்து:

பெயருக்கேற்ற விஷயத்தை யாரும் சொல்லவில்லையே! சுரங்கத்தில் பாறை உடைக்க உலகில் முதன்முதலாக வெடிமருந்து வைத்தது இங்கேதான். 1627 பிப்ரவரி 8, காஸ்பர் வைண்டல் என்ற டிரோல்காரர் (ஆல்ப்ஸ் மலைப்பகுதி). அதுவரை உளி, சுத்தியல், நெருப்பு மூட்டிப் பாறையைப் பிளப்பது இவ்வளவுதான்.

கணக்கர்:

"உலகில் முதன்முதலாக" என்று வந்தாலே எனக்கு அரிக்கும். பிரான்சில் வோஜ் மலைப்பகுதியில் ல தியோ சுரங்கத்தினர் 1617 என்று சொல்லி, அந்தப் பட்டம் எங்களுக்கு என்கிறார்கள். ஷ்டியாவ்னிட்சாவுக்கு நாளும் பேரும் எழுத்தில் இருப்பது பெரிய பலம். பதிவான பழைய வெடிப்புகளில் ஒன்று என்று சொன்னால் சண்டை வராது.

வெடிமருந்து:

சரி, ஒரு பத்து வருடம் விட்டுக்கொடுக்கிறேன் ஐயா. :)

தாழம்பூ:

ஒரு பக்கம் விட்டுப்போகிறது. நான் ஹங்கேரியில் மிஷ்கோல்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தேன். சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு நாள் இரவு, மாணவர்கள் கறுப்பு உடையில் விளக்குகளோடு, பாம்பு நெளிவது மாதிரி வளைந்து வளைந்து பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். யாராவது இறந்துவிட்டார்களா என்று பயந்தே போனேன். கேட்டால், "இது ஷெல்மெட்ஸ் மரபு" என்றாள் அறைத்தோழி. ஷெல்மெட்ஸ்பான்யா என்பது ஷ்டியாவ்னிட்சாவின் ஹங்கேரியப் பெயர். ஜெர்மனில் ஷெம்னிட்ஸ்.

நாடே வேறு, எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊரின் மரபு இங்கே எப்படி வந்தது? அதுதான் அந்த ஊர் தேய்ந்த கதையில் பாதி.

1735இல் அங்கே ஒரு சுரங்கப் பள்ளி தொடங்கினார்கள். முதல் ஆசிரியர், கல்லுளி சொன்ன மிகோவினியேதான். 1762இல் அரசி மரியா தெரேசா காலத்தில் அதை உயர்கல்வி நிலையமாக்க முடிவானது. யாக்கின், ஸ்கோப்போலி மாதிரியான பெரிய பெயர்கள் பாடம் நடத்தின. மாணவர்கள் தாங்களே ஆய்வகத்தில் சோதனை செய்து கற்றது அப்போது புதுமை. 1794இல் பாரிசில் புதுப் பொறியியல் பள்ளி தொடங்கும்போது, ஷெம்னிட்ஸில் இப்படித்தான் கற்பிக்கிறார்கள் என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஃபூர்க்ரூவா எடுத்துக்காட்டினார். மலையில் இருந்த ஒரு சுரங்க ஊரைப் பாரிஸ் பார்த்துப் படித்தது.

1848இல் முதல் விரிசல். மொழிச் சண்டையும் புரட்சியும் சேர்ந்து, ஹங்கேரியர் அல்லாத மாணவர்கள் நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். அடுத்த வருடமே ஆஸ்திரியாவில் லெயோபனிலும் செக் பக்கம் ப்ஷிப்ராமிலும் சுரங்கக் கல்வி நிலையங்கள் எழுந்தன. பிறகு 1919. முதல் உலகப் போர் முடிந்து ஊர் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனதும், கல்வி நிலையம் மூட்டை கட்டிக்கொண்டு ஹங்கேரியின் ஷோப்ரானுக்குப் போனது. பேராசிரியர்கள், மாணவர்கள், அவர்களை நம்பியிருந்த விடுதிக்காரர், தையல்காரர், மதுக்கடை எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுரங்கத் துறை ஷோப்ரானிலிருந்து மிஷ்கோல்ட்ஸுக்கு வந்தது. வனவியல் ஷோப்ரானிலேயே தங்கியது. 1956 ஹங்கேரியப் புரட்சி தோற்றபோது அந்த வனவியல் பிரிவிலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களுமாக ஒரு கூட்டமே கனடாவுக்குப் போய் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்துகொண்டது. 1808இல் விறகுப் பஞ்சத்துக்காகத் தொடங்கியது எங்கே போய் நின்றது பாருங்கள்.

வழிப்போக்கன்77:

தாழம்பூ அக்கா, ஷ்டியாவ்னிட்சாவிலும் செப்டம்பரில் 'சலமாண்டர்' (பல்லி மாதிரி ஓர் உயிரினம்) ஊர்வலம் நடக்கும் என்று விடுதிக்காரம்மா சொன்னார். அதேதானா?

தாழம்பூ:

அதேதான். அங்கே முன்னால் ஓர் இடையன் போவான். ஆடு மேய்த்தவன் கண்ணில் இரண்டு பல்லிகள் பட்டனவாம், ஒன்றின் முதுகில் பொன்துகள், மற்றதில் வெள்ளித்துகள். அவை நுழைந்த கல்லைப் புரட்டினால் கீழே தாது. ஊர் பிறந்த கதை இது. வரலாற்றில் அந்த இடம் 1156லேயே 'சுரங்கத்தாரின் நிலம்' என்று லத்தீனில் பதிவாகியிருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே கெல்ட்டுகள் அங்கே தோண்டியிருக்கிறார்கள்.

வான்நோக்கி:

இழைக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். கல்லுளி சொன்ன மதேய் ஹெல்லுக்கு இன்னொரு மகன் உண்டு, மாக்சிமிலியன் ஹெல். இயேசு சபைத் துறவி, வியன்னா வானாய்வகத்தின் தலைவர். 1769இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்ததை நார்வேயின் வடகோடியில் வார்டோ தீவிலிருந்து அளந்தார். (உலோக வெள்ளி ஊரில் பிறந்து வான வெள்ளியைப் பிடித்தவர். தமிழில் இப்படியும் சொல்ல முடிகிறது!)

அதே கடப்புக்காக நம் பக்கம் காத்திருந்தவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரெஞ்சுக்காரர் லெ ஜென்டில், புதுச்சேரி. 1761இல் வரும்போது ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார். எட்டு வருடம் இந்தப் பக்கமே சுற்றித் திரிந்து, 1769இல் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். அந்தக் காலை நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது.

ஹெல்லுக்கு வானம் வாய்த்தது, பேர்தான் கெட்டது. அவர் குறிப்பில் மையின் நிறம் மாறியிருக்கிறது, எண்களைப் பின்னால் திருத்தியிருக்கிறார் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிட்ரோ என்ற வானியலாளர் குற்றம் சாட்டினார். பல்லாண்டுகள் கழித்து சைமன் நியூகம் என்ற அமெரிக்கர் அதே தாள்களைப் பார்த்து, ஹெல் குற்றமற்றவர் என்று முடிவு சொன்னார். லிட்ரோவுக்கு நிறக்குருடு!

நெறியாளர்:

அருமையான விலகல்தான். ஆனால் கேள்வி மக்கள்தொகை பற்றியது. அதற்குத் திரும்புவோம்.

கணக்கர்:

திரும்புகிறேன். 1910இன் அந்த 15,000 சொச்சத்தில் பாதிக்கு மேல் ஸ்லோவாக், ஆறாயிரத்துக்கு மேல் ஹங்கேரியர். ஜெர்மானியர் சில நூறு பேர்தான். இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். இடைக்காலத்தில் இந்த ஊரை நகரமாக்கியதே ஜெர்மன் குடியேறிகள். சுரங்கச் சட்டம், பதவிப் பெயர், குளத்தின் பெயர் எல்லாம் ஜெர்மன். அவர்கள் எங்கே போனார்கள்? நிறையப் பேர் எங்கும் போகவில்லை. ஹங்கேரிய ஆட்சியில் பள்ளியும் அலுவலகமும் ஹங்கேரிய மொழிக்கு மாற, கணக்கெடுப்பவரிடம் பிள்ளைகள் வேறு தாய்மொழி சொன்னார்கள். ஆறாயிரத்தில் கல்வி நிலையமும் அரசு வேலையும் கொண்டுவந்து சேர்த்தவர்களும் இருந்தார்கள். 1919க்குப் பின் அந்தக் கூட்டம் கரைந்தது. இன்று கிட்டத்தட்ட முழு ஊரும் ஸ்லோவாக்.

அங்கிருந்த லூத்தரன் பள்ளி ஒன்றில் 1830களில் ஸ்லோவாக் மொழியின் பெரிய காதல் கவிஞர் ஸ்லாத்கோவிச்சும், ஹங்கேரியின் தேசியக் கவி பெட்டோஃபியும் படித்தார்கள் என்பது அந்தக் கலப்புக்கு எடுத்துக்காட்டு.

கல்லுளி:

வெள்ளிக்கு வருகிறேன். தாது முழுக்கத் தீர்ந்துவிடவில்லை, விலை தீர்ந்தது. 1870களில் ஜெர்மனி தங்க நாணய முறைக்கு மாறி, மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. அமெரிக்க வெள்ளி வேறு கொட்டியது. இந்த ஊரின் ஆழமான, செலவு பிடிக்கும் சுரங்கத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இதில் எனக்கு மனசு கனக்கும் கணக்கு ஒன்று உண்டு. சுரங்க நீரை இயந்திரமே இல்லாமல் தானாக வடியவிட, ஊருக்கு அடியிலிருந்து ஹ்ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வோஸ்னிட்சா வரை ஒரு கிடைச்சுரங்கம் தோண்டினார்கள். தொடங்கியது 1782, அதாவது வழிகாட்டி பெருமையாகச் சொன்ன அதே வருடம். முடிந்தது 1878. நீளம் பதினாறரை கிலோமீட்டர். 96 வருடம். முதல் உளி வைத்தவனின் கொள்ளுப்பேரன் கடைசி உளி வைத்திருப்பான். முடிந்தபோது அது உலகின் மிக நீண்ட சுரங்க வழிகளில் ஒன்று. அது முடிந்த சமயத்தில்தான் வெள்ளி விலை விழுந்துகொண்டிருந்தது.

ரயிலும் ஏமாற்றியது. முக்கியப் பாதை கீழே ஹ்ரோன் பள்ளத்தாக்கோடு போய்விட்டது. 1873இல் ஊருக்கு வந்தது ஒரு குறுகிய கிளைப்பாதை. அகலப்படுத்தியது 1949இல், இளைஞர் படையை வைத்து.

பிறகு சுரங்கத்தை அரசாங்கம் தாங்கிப் பிடித்தது. ஈயம், துத்தநாகம் என்று ஓட்டினார்கள். 1990களில் அதுவும் நின்றது. மலைக்கு அந்தப்பக்கம் ஹோத்ருஷாவில் மட்டும் தங்கம் எடுப்பது தொடர்ந்தது.

வெடிமருந்து:

சுரங்கம் மட்டும் இல்லை. பெண்கள் புகையிலை ஆலையில் வேலை பார்த்தார்கள், சோஷலிசக் காலத்தில் பின்னலாடை ஆலை ஒன்று இருந்தது. அவையும் போயின. அதனால்தான் இளைஞர்கள் ப்ராட்டிஸ்லாவாவுக்கு வேலை தேடி வருகிறார்கள். நம் வழிப்போக்கன் மாதிரி.

வழிப்போக்கன்77:

சரியாகச் சொன்னீர்கள். என் அலுவலகத்தில் ஒருவன் அந்த ஊர்க்காரன். பாட்டி வீட்டை விற்றுவிட்டார்களாம், வாங்கியவர் வாடகை விடுதியாக மாற்றிவிட்டாராம். "எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்க எனக்குக் கட்டுப்படியாகாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது ஊரைக் காப்பாற்றியது என்கிறார்கள். சுவர்களைக் காப்பாற்றியது, அது கண்ணால் பார்த்தேன். 2023 மார்ச்சில் நடு ஊரில் பிடித்த தீயில் பல பழைய கட்டடங்கள் சேதமானபோது நாடே பதறியது என்றும் அவன் சொன்னான்.

கணக்கர்:

என்றாலும் இன்னொரு பக்கம் இருக்கிறது. பணம் இல்லாததால்தான் பழைய ஊர் தப்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொழித்த ஊர்களெல்லாம் பழையதை இடித்து நாலு மாடி கட்டின. இவர்களிடம் இடிக்கக்கூடக் காசில்லை. துருக்கியருக்குப் பயந்து பதினாறாம் நூற்றாண்டில் தேவாலயத்தையே கோட்டையாக்கினார்களே, அந்தப் பழைய கோட்டை இன்றும் பாதிக் கோயில் பாதி அரணாக நிற்கிறது.

தாழம்பூ:

அங்கே க்ளோபாச்கா பார்த்தீர்களா? 1681இல் கட்டிய கோபுரம். மணிக்குப் பதிலாக மரப்பலகையைத் தட்டித் தொழிலாளிகளை எழுப்புவார்கள். கீழ்த்தளம் சிறை. வேலைக்கு எழுப்பும் இடமும் சிறையும் ஒரே கட்டடம்!

வழிப்போக்கன்77:

பார்த்தேன். டீ குடிக்கத்தான் உள்ளே போனேன், சிறை என்று இப்போதுதான் தெரிகிறது.

செப்டம்பரில் சலமாண்டருக்கு மறுபடி போகப்போகிறேன். இந்தத் தடவை காரில் இல்லை, அந்த 1949 கிளைப்பாதை ரயிலில். திரும்பும்போது வோஸ்னிட்சாவில் அந்தக் கிடைச்சுரங்கத்தின் வாய் இருக்கும் பக்கம் போகலாம் என்று நினைக்கிறேன். கல்லுளி சார், இன்னும் தண்ணீர் வருமா?

கல்லுளி:

வரும். மேலே வெள்ளி எடுக்க ஆளில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு வடிந்து ஹ்ரோனில் சேர்கிறது. படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம், நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள், கல் பாவிய தெருவில் மழை பெய்தால் வழுக்கும்.